பொருத்துக

"பொருத்துகன்னாலும் மேட்ச்தான். கிரிக்கெட்டும் மேட்ச்தான். அம்மா வேலை பாக்குற ஆபீஸ் போர்டுலயும் மேட்ச் ஒர்க்ஸ்னுதான் போட்டிருக்கு. எல்லாம் ஒரே சொல்லா மாமா?"

ஆலங்குளத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்ட கேள்வி இது. கையில் ஆங்கிலப் புத்தகம். பயிற்சிக் கேள்வியில் 'மேட்ச் த பாலோயிங்' என்று இருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. அவளுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். ஆபீஸ் என்றதும் மேஜை, நாற்காலி, பைல் என்று நினைக்க வேண்டாம். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி செய்யும் இடத்துக்குப் பெயர் தீப்பெட்டி ஆபீஸ். வெடி செய்யும் இடம் பயர் ஆபீஸ். "ஆபீஸுக்குப் போறேன்" என்று தூக்குச்சட்டியோடு காலையில் வேன் ஏறுகிற பெண்கள் போவது அங்கேதான்.

கேள்விக்கு வருவோம். பதில் சின்னது. அவள் சொன்ன மூன்றில் பொருத்துகவும் கிரிக்கெட்டும் ஒரே சொல். தீப்பெட்டி மேட்ச் வேறு சொல். எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, ஆனால் பிறந்த வீடு வேறு, வந்த வழி வேறு.

"எழுத்தெல்லாம் ஒண்ணா இருக்கும்போது எப்படி மாமா வேற சொல்லாகும்?"

அவள் ஊரை வைத்தே சொல்லலாம். மதுரையிலோ திருநெல்வேலியிலோ நின்று ஆலங்குளம் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும்: எந்த ஆலங்குளம்? தென்காசிக்குப் போகிற வழியில் இருக்கும் ஆலங்குளமா, வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சிமெண்ட் ஆலங்குளமா? பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஆனாலும் இது வேறு மண், அது வேறு மண். அகராதி தொகுப்பவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். ஒரே எழுத்தில் இரண்டு சொற்கள் வந்தால் தலைக்கு மேலே 1, 2 என்று சின்னதாக எண் போட்டுத் தனித்தனிப் பதிவாக வைப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியிலும் இந்த வழக்கம் உண்டு. வைப்பாற்றில் இருக்கிற ஆறு, ஐந்துக்கு அடுத்த ஆறு, டீ ஆறிப்போச்சு என்கிற ஆறு, எல்லாம் தனித்தனிச் சொற்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. கண் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் கண், தேங்காயில் கண், கரும்பில் கண், மயிலிறகில் கண், பாலத்துக்குக் கண். இவையெல்லாம் ஒரே சொல் கிளைத்து விரிந்தது. ஒரு சொல்லைப் பார்க்கும்போது அது ஆறு மாதிரியா, கண் மாதிரியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தீப்பெட்டி மேட்சும் கிரிக்கெட் மேட்சும் ஆறு மாதிரி. தீப்பெட்டி மேட்சை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது கண் மாதிரி. அதன் கதைதான் இந்த ஊர்க்காரர்களுக்குச் சொந்தக் கதை. அதனால் அதில் கூடுதல் நேரம் செலவழிக்கிறேன்.

தீக்குச்சி கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆங்கிலத்தில் மேட்ச் என்ற சொல் இருந்தது. அப்போது அதற்குப் பொருள் திரி. விளக்குத் திரி, மெழுகுவத்தியின் திரி. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. பிரெஞ்சில் இன்றும் திரிக்கு மெஷ் என்றுதான் பெயர். அதற்குப் பின்னால் போனால் லத்தீன், அதற்கும் பின்னால் கிரேக்கம். கிரேக்கத்தில் மிக்ஸா என்பது விளக்கின் மூக்கு, திரி வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே அந்த இடம். அதே சொல்லுக்கு மூக்குச்சளி என்றும் பொருள். மண் விளக்கின் மூக்கில் எண்ணெய் ஊறிய திரி தொங்குவதை யாரோ ஒரு கிரேக்கர் பார்த்து வைத்த பெயராக இருக்க வேண்டும். பிள்ளை முகம் சுளித்தாள். ஆனால் நாமும் குத்துவிளக்கின் முனைகளை முகம் என்கிறோம், ஐந்து முகம் ஏற்று என்கிறோம். முகம் என்று வந்துவிட்டால் மூக்கு வருவதில் வியப்பில்லை.

விளக்குத் திரி எப்படி நெருப்புக் குச்சி ஆனது? நடுவில் ஒரு படி இருக்கிறது. அந்தப் படியைத் தமிழ்நாட்டில் நடுத்தர வயதைக் கடந்த எவரும் கண்ணால் பார்த்திருப்பார்கள்.

பெட்டிக்கடை முகப்பில் தேங்காய் நார்க் கயிறு ஒன்று தொங்கும். அதன் நுனியில் கங்கு இருக்கும். சுடர் கிடையாது, கங்கு மட்டும். பீடி வாங்கியவர் குனிந்து, கயிற்று நுனியை ஊதி, பற்றவைத்துக்கொண்டு போவார். காலையில் பற்றவைத்த கயிறு மெல்ல மெல்லக் கனிந்துகொண்டே மேலேறும். ஒரு தீக்குச்சிகூடச் செலவில்லை. ஆங்கிலேயர் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் மேட்ச் என்று சொன்னது ஏறக்குறைய இந்தக் கயிற்றைத்தான்! அவர்களுடையது சணல் வகை நாரால் திரித்து வெடியுப்புக் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்த கயிறு. பீரங்கிக்குத் தீ வைக்கவும் துப்பாக்கி சுடவும் அதுதான். அந்தத் துப்பாக்கிக்கே மேட்ச்லாக் என்று பெயர். தமிழில் திரித் துப்பாக்கி என்று சொல்வது அப்படியே பொருந்தும். வளைந்த ஒரு கொக்கி கனியும் கயிற்றைப் பிடித்திருக்கும். விசையை இழுத்தால் கொக்கி இறங்கி, கயிற்று நுனி மருந்துக் கிண்ணத்தைத் தொடும். தொட்டதும் வெடிக்கும். சண்டை நேரத்தில் சிப்பாய் அந்தக் கயிற்றின் இரண்டு நுனியையும் பற்றவைத்து வைத்திருப்பான், ஒன்று அணைந்தால் இன்னொன்று இருக்குமே என்று. கம்பெனிப் படையை எதிர்த்து நின்ற நம் பாளையக்காரர்களின் ஆட்கள் கையிலும் ஈட்டியோடு இந்தத் திரித் துப்பாக்கி இருந்தது.

ஆக, மேட்ச் என்றால் திரி. பிறகு நெருப்பை ஏந்திவைக்கும் கயிறு. 16-ஆம் நூற்றாண்டில் இன்னொரு பொருளுக்கும் அந்தப் பெயர் சென்றது: முனையில் கந்தகம் தோய்த்த மெல்லிய மரச்சிம்பு. உரசினால் பற்றுகிற குச்சி இல்லை இது. சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டிப் பஞ்சில் விழுந்த பொறியில், அல்லது அடுப்பில் மிச்சமிருக்கும் கங்கில், இந்தக் கந்தக முனையை வைத்தால் சுடர் எழும். கங்கைச் சுடராக்க அது உதவியது. நம் ஊர்களில் அந்த வேலைக்கு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். கொட்டாங்குச்சியிலோ வரட்டியிலோ கங்கை வாங்கிக்கொண்டு ஓடிவந்து, சருகில் போட்டு ஊதுவார்கள். எல்லா வீட்டிலும் தீப்பெட்டி இல்லாத காலம் அது, ரொம்பத் தூரத்துக் காலமும் இல்லை.

பெயர் ஒரு பொருளைவிட்டு அதன் பக்கத்துப் பொருளில் போய் ஒட்டிக்கொள்வது மொழிகளில் சாதாரணம். ஆலங்குளத்தில் இதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம், சிமெண்ட் இருக்கிறது. 1970 முதல் அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஊர். சிமெண்ட் என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு வெட்டிய கல், கல்சில்லு என்று பொருள். வெட்டுதல் என்ற வினையிலிருந்து வந்தது. சுண்ணாம்புச் சாந்தில் கலக்கும் கல்லுக்கு இருந்த பெயர், மெல்ல அந்தக் கல்லைப் பிடித்துவைக்கும் சாந்துக்குப் போய்விட்டது. சுண்ணாம்புக் கல்லை வெட்டி எடுத்துச் சிமெண்ட் ஆக்குகிற ஊரில் இருந்துகொண்டு இதை அறியும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. மேட்ச் என்ற பெயரும் அப்படியே திரியிலிருந்து கயிற்றுக்கும் கயிற்றிலிருந்து சிம்புக்கும் நகர்ந்தது.

உரசினால் பற்றும் குச்சியை விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஜான் வாக்கர். இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர். ஆண்டு 1827. பொட்டாசியம் குளோரேட்டும் ஆண்டிமனி சல்பைடும் பசையில் குழைத்து முனையில் பூசியிருந்தார். மடித்த உப்புத்தாளுக்கு நடுவே வைத்துக் குச்சியை வெடுக்கென்று இழுக்க வேண்டும். அவர் வைத்த பெயரில் மேட்ச் என்ற சொல்லே கிடையாது. 'உரசல் விளக்கு' என்பது போன்ற ஒரு பெயர்தான் வைத்திருந்தார். காப்புரிமையும் வாங்கவில்லை. அதைப் பார்த்துச் செய்து விற்ற லண்டன்காரர் ஒருவர் லூசிஃபர் என்று பெயரிட்டார். லத்தீனில் ஒளி கொண்டுவருபவன் என்று பொருள். டச்சு மொழியில் தீக்குச்சிக்கு இன்றும் லூசிஃபர்தான். ஆங்கில மக்கள் கடைசியில் இந்தப் புதுப் பெயர்களை விட்டுவிட்டுக் கந்தகச் சிம்புக்குப் பழகியிருந்த பழைய பெயரையே இதற்கும் வைத்துக்கொண்டார்கள்.

இதற்குப் பிறகு வந்த பல பத்தாண்டுகள் கொடுமையானவை. எங்கே உரசினாலும் பற்ற வேண்டும் என்பதற்காக வெள்ளைப் பாஸ்பரஸ் சேர்த்தார்கள். அதன் புகையை நாள் முழுக்கச் சுவாசித்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பே அழுகிப்போகும் நோய் வந்தது. 1888-இல் லண்டனில் பிரையன்ட் அண்ட் மே கம்பெனியின் பெண் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்து வென்றது இந்தப் பின்னணியில்தான். 1906-இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடைசெய்ய ஒப்பந்தம் செய்துகொண்டன.

மாற்று வழி அதற்கு முன்பே ஸ்வீடனில் தயாராகியிருந்தது. 1844-இல் குஸ்தாவ் எரிக் பாஷ் என்பவர் கண்டுபிடித்த முறையை யோன்ஷோப்பிங் நகரத்தின் லண்ட்ஸ்ட்ராம் சகோதரர்கள் பெரிய தொழிலாக்கினார்கள். இந்த முறையில் மருந்தை இரண்டாகப் பிரித்தார்கள். குச்சித் தலையில் குளோரேட்டும் கந்தகமும். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும். உரசும்போது சிவப்புப் பாஸ்பரஸில் ஒரு துளி சூடேறி, அந்தக் கணத்தில் வெள்ளைப் பாஸ்பரஸாகிப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பொறி தலைக்குத் தாவுகிறது. குளோரேட் ஆக்சிஜனைக் கொடுக்கிறது, கந்தகம் எரிகிறது. குச்சியில் மெழுகு ஏற்றியிருப்பதால் சுடர் மரத்தில் நின்று எரிகிறது. இந்தப் பிரிவினையால்தான் அதற்குப் பாதுகாப்புத் தீக்குச்சி, சேப்டி மேட்சஸ், என்று பெயர். சட்டைப் பையில் குச்சிகள் தமக்குள் உரசிக்கொண்டாலும் பற்றாது.

"அப்போ தமிழ்ல வத்திக்குச்சின்னு சொல்றோமே, அது எங்கேர்ந்து வந்துச்சு?"

நல்ல கேள்வி. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடமும் இதுதான். வத்தி என்றால் என்ன? ஊதுவத்தி, மெழுகுவத்தி இவற்றில் வரும் அதே வத்திதான். வர்த்தி என்ற வடசொல்லின் தேய்ந்த வடிவம். பொருள், திரி! சுழலுதல், திருகுதல் என்ற வேரிலிருந்து வந்த சொல் அது. ஆக, வத்திக்குச்சி என்றால் திரிக்குச்சி. ஆங்கிலேயர் திரிக்கு இருந்த பெயரைக் குச்சிக்குக் கொடுத்தார்கள். தமிழர்களும் தங்கள் பங்குக்கு அதையே செய்திருக்கிறார்கள். நெருப்பு என்றால் திரி என்று இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தோன்றியிருக்கிறது. தமிழின் திரியும் திரித்தல் என்ற வினையிலிருந்துதான். பஞ்சைத் தொடையில் வைத்துத் திரித்தால் திரி, நாரைத் திரித்தால் கயிறு. வத்தி வைத்துவிட்டான் என்று கோள்மூட்டியவனைச் சொல்வோமே, அந்த வத்தியும் தீக்குச்சிக்கு மூத்தது. பீரங்கிக்கும் வாணத்துக்கும் தீ வைத்தது திரிதானே.

தீக்குச்சி நம் ஊருக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு அது தாலாட்டிலேயே கேட்ட கதை. முதலில் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பெட்டி பெட்டியாக இறக்குமதி ஆனது. 1922-இல் இறக்குமதி வரியை அரசு உயர்த்தியதும் இங்கேயே செய்தால் கட்டுப்படியாகும் என்ற நிலை வந்தது. ஸ்வீடன் கம்பெனி 1923-இல் விம்கோ என்ற பெயரில் இந்தியாவிலேயே தொழிற்சாலை தொடங்கியது. அதே காலத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற உறவினர்கள் இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்த்த கரிசல் பூமி, வறண்ட காற்று. விவசாயத்துக்கு ஆகாத அந்த வறட்சி, பெட்டியும் குச்சியும் மருந்தும் காய்வதற்குத் தோதாக அமைந்தது.

அவர்கள் செய்த குச்சிகளில் வண்ண ஒளி வீசும் மத்தாப்புக் குச்சியும் உண்டு. மத்தாப்பு என்பது பாரசீகத்தில் நிலவொளியைக் குறிக்கும் மஹ்தாப். அந்த மத்தாப்புதான் தீப்பெட்டியிலிருந்து பட்டாசுக்குப் போட்ட பாலம்.

தீப்பெட்டி ஆபீஸுக்குள் நடக்கும் வேலைகளுக்குப் பெயர்கள் எல்லாம் தமிழ். கட்டை அடுக்குவது என்றால் வரி வரியாகப் பள்ளம் வெட்டிய பலகைகளில் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பதித்துச் சட்டத்தில் இறுக்குவது. அடுக்கிய கட்டையை மெழுகில் முக்கி, பிறகு மருந்தில் முக்குவார்கள். பெட்டி ஒட்டுவது, குச்சி அடைப்பது, பக்க மருந்து பூசுவது என்று தொடரும். பெட்டி ஒட்டுவதைப் பல வீடுகளில் திண்ணையிலேயே செய்திருக்கிறார்கள். குச்சிக்கு மட்டி போன்ற மென்மரம் கேரளத்திலிருந்து வரும். கணக்கு மட்டும் குரோஸில். ஒரு குரோஸ் என்றால் 144, அதாவது 12 டஜன். பிரெஞ்சில் 'பெரிய டஜன்' என்ற தொடரில் பெரிய என்பதைக் குறித்த பகுதி தனியே பிரிந்து வந்து, கூலிக் கணக்கில் நிலைத்துவிட்டது. இப்போது பெரும்பகுதி வேலையை இயந்திரம் செய்கிறது. அன்று பிஞ்சுக் கைகள் செய்தன. பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் விடியுமுன் பஸ் ஏறிய தலைமுறை இன்னும் இந்த ஊர்களில் உயிரோடு இருக்கிறது. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்த முதலாளி குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வழக்கு கிளம்பியது சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளிலிருந்துதான். சேப்டி மேட்சஸ் என்ற பெயரில் உள்ள சேப்டி உரசுகிறவருக்கு மட்டும் போதாது, அடுக்குகிறவருக்கும் வேண்டும் என்று போராடியவர்களுக்கு இந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதில் பங்கு உண்டு.

2007-இல் 50 காசிலிருந்து ஒரு ரூபாய், 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய். அண்மைக் காலத்தில் தீப்பெட்டி விலை உயர்ந்த வரலாறு இவ்வளவுதான். லாரி ஏறி வடக்கே போகும் இந்தப் பெட்டிகளுக்கு அங்கே பெயர் மாச்சிஸ். மேட்சஸ் என்ற ஆங்கிலப் பன்மைதான் இந்தியில் மாச்சிஸ் ஆனது. அங்கே கடைக்காரரிடம் ஒரு மாச்சிஸ் கேட்பவருக்கு அது பன்மை என்ற நினைப்பே இல்லை. கிரேக்க விளக்கின் மூக்கில் தொடங்கிய சொல் இப்போது பீகார் கிராமத்துப் பெட்டிக்கடை வரை நடமாடுகிறது.

இனி சொல்லப்போவது பட்டாசுக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். மேட்ச் என்ற சொல்லின் பழைய பொருளான திரி ஆங்கிலத்தில் செத்துவிட்டதா? பொதுப் பேச்சில் கிட்டத்தட்டச் செத்துவிட்டது. ஆனால் வாணவேடிக்கைத் தொழிலில் உயிரோடு இருக்கிறது. பருத்தி நூலில் வெடியுப்பும் கந்தகமும் கரியும் குழைத்த கருமருந்தை ஏற்றிக் காயவைத்த திரிக்கு உலகம் முழுக்கத் தொழில்முறைப் பெயர் பிளாக் மேட்ச். நம் வட்டாரத்தில் அதன் பெயர் கருந்திரி. சொல்லுக்குச் சொல் ஒன்றேதான்: பிளாக் என்றால் கரு, மேட்ச் என்றால் திரி. அந்தக் கருந்திரியைக் காகிதக் குழாய்க்குள் செலுத்தினால் நெருப்பு கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். அதற்குக் குயிக் மேட்ச் என்று பெயர். வானத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விரியும் வாண வரிசைகளை இணைப்பது அதுதான். மெல்லக் கனியும் பெட்டிக்கடைக் கயிறு ஸ்லோ மேட்ச், ஓடுகிறது குயிக் மேட்ச். தீக்குச்சிக்கு மட்டுமே மேட்ச் என்று படித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் விளங்காது. திரி என்று தெரிந்தால் உடனே விளங்கும்.

கருந்திரி என்ற சொல்லை இந்த மாவட்டத்துச் செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கலாம், பெரும்பாலும் கெட்ட செய்தியாக. வெம்பக்கோட்டை, தாயில்பட்டிப் பக்கம் அனுமதி இல்லாமல் வீட்டுக்குள் கருந்திரி செய்து கைதானார்கள், அல்லது தீப்பிடித்துக் கருகினார்கள் என்று வரும். நூலில் கருமருந்து ஏற்றும் வேலைக்குப் பெரிய இயந்திரம் வேண்டாம், ஒரு கொட்டகை போதும். அதுதான் ஆபத்தே. உரசல், வெயில், ஒரு சின்னப் பொறி, எதுவும் போதும் அது பற்றிக்கொள்ள. சமையல் நடக்கிற, பிள்ளைகள் படுத்திருக்கிற வீட்டில் அதை வைத்துக்கொள்ளவே கூடாது. டீ குடித்துக்கொண்டே பேசுகிற இந்தப் பேச்சில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒரே சொல் அது.

இப்போது இரண்டாவது மேட்சுக்கு வரலாம். இது பிரெஞ்சு வழியாக வந்தது இல்லை. ஆங்கிலத்தின் சொந்த நிலத்துச் சொல். பழைய ஆங்கிலத்தில் இணை, துணை, ஜோடியில் ஒருவர், கணவன் அல்லது மனைவி என்று பொருள். செய்தல் என்ற பொருள் தரும் மேக் என்ற வினையும் இதற்கு உறவு. நன்றாகச் சேர்ந்து அமைவது என்பதுதான் இரண்டுக்கும் அடிக்கருத்து. இணை என்றால் சமமானவர். சமமானவர் என்றால் எதிரே நிற்கத் தகுந்தவர். சமமான இருவரை எதிரெதிரே நிறுத்தினால் அது போட்டி. சேவற்கட்டில் எடையும் வயதும் பார்த்து ஜோடி சேர்க்கிறார்களே, அதே எண்ணம்தான். கிரிக்கெட் மேட்ச் அங்கிருந்து வந்தது. கல்யாணத்துக்கு வரன் பொருந்துவதும் மேட்ச். புடவைக்கு ஜாக்கெட் மேட்சிங் என்று துணிக்கடையில் கேட்பதும் அதுவே. பரீட்சைத் தாளின் 'மேட்ச் த பாலோயிங்' என்பதும் இடப்பக்கத்துக்கு வலப்பக்கத்தில் ஜோடி தேடச் சொல்வதுதான்.

இந்த இரண்டு மேட்சும் சந்தித்துக்கொள்ளும் ஊர் ஒன்று உண்டென்றால் அது சிவகாசி. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். அந்த லேபிள் தேவைதான் அங்கே அச்சுத் தொழிலை வளர்த்தது. அச்சகத்தில் ஒவ்வொரு ஓட்டத்திலும் முதலில் பார்ப்பது கலர் மேட்ச் ஆகிறதா என்பதை. அணில் மார்க், காக்கா மார்க் என்று படத்தை வைத்தே பெட்டியை அடையாளம் கண்டு வாங்குகிறவர்களுக்கு, போன மாத லேபிளின் சிவப்பும் இந்த மாத லேபிளின் சிவப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். மேட்ச் லேபிளுக்குக் கலர் மேட்ச் ஆகல என்று மிஷின்காரர் சொல்லும்போது அந்த ஒரே வாக்கியத்தில் கிரேக்க விளக்கும் பழைய ஆங்கிலத்து ஜோடியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெற்குச் சீமையில் விளக்கைப் பொருத்து, அடுப்பைப் பொருத்து என்கிறோம். பீடியைப் பொருத்தினான் என்கிறோம். பொருத்து என்றால் ஜோடி சேர், பொருத்து என்றால் பற்றவை. ஆங்கிலத்தில் தற்செயலாக ஒரே எழுத்தில் வந்து நின்ற இரண்டு பொருளையும் தமிழின் ஒரே வினை தாங்குகிறது. ஆங்கிலத்தில் அவை உறவில்லாத இரண்டு சொற்கள். தமிழில் நான் பார்த்தவரை அது கண் மாதிரி, ஒரே சொல்லின் விரிவு. நெருப்பைத் திரியோடு சேர்க்கிறோம், பொருந்தச் செய்கிறோம், அதனால் பொருத்துகிறோம். பிள்ளை இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ தமிழ்ப் பரீட்சையில பொருத்துகன்னு வர்றதுக்கு..." என்று தொடங்கிச் சிரித்துவிட்டாள்.

அதோடு விடவில்லை. "திரிக்கு இங்கிலீஷ்ல பியூஸ்னும் சொல்றாங்க. வீட்டுல பியூஸ் போச்சுன்னும் சொல்றோம். அதுவும் இதே மாதிரியா மாமா?"

அதுவும் இதே மாதிரிதான். வெடித் திரியைக் குறிக்கும் பியூஸ் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. மூலப் பொருள் நூல் நூற்கும் கதிர். பழைய காலத்து வெடித் திரி மருந்து அடைத்த ஒல்லியான குழாய், பார்க்கக் கதிர் மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். ராஜபாளையம் மில்களில் ஸ்பிண்டில் என்கிறார்களே, அதுதான் கதிர். மின்சாரப் பெட்டியில் இருக்கும் பியூஸ் உருகுதல் என்ற வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்தது. மின்னோட்டம் எல்லை மீறினால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி உருகி அறுந்து இணைப்பைத் துண்டிக்கும். 1880-களில்தான் அதற்கு அந்தப் பெயர் வந்தது. ஒன்று பற்றவைக்க இருக்கிறது, மற்றது பற்றிக்கொள்ளாமல் காக்க இருக்கிறது. அகராதியில் பியூஸ் என்று தேடிப் பார், தலையில் 1, 2 என்று எண் போட்டிருப்பார்கள் என்றேன். புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டாள்.